சிகிச்சை முடிந்து பிள்ளை வீடு திரும்பும்போது நாம் செய்யும் தவறுகள்

மனநல சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் தங்கியிருந்த பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை டிஸ்சார்ஜ் ஆகி வருகிறது என்றால், கடலூர் பக்கம் முதலில் ஆள் சேர்ந்துவிடும். திருப்பாதிரிப்புலியூர் அத்தை, பண்ருட்டி சித்தப்பா என்று பழப்பையோடு வந்து, "இப்ப எல்லாம் சரியாயிடுச்சில்ல?" என்று பிள்ளையின் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். பாசத்தில்தான் கேட்கிறார்கள், ஆனால் அந்தப் பிள்ளை அதற்கு என்ன பதில் சொல்லும்? முதல் சில வாரம் வருகிறவர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் எவ்வளவு சொல்லலாம் என்பதைப் பிள்ளையிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

டிஸ்சார்ஜ் என்றால் குணமாகிவிட்டது என்று நினைப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. உடனடி ஆபத்து தணிந்திருக்கிறது, அவ்வளவுதான். வீடு திரும்பிய முதல் வாரங்களிலும் மாதங்களிலும்தான் தற்கொலை ஆபத்து அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் பிள்ளை வருவதற்கு முன்பே வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். முந்திரிக்கும் நெல்லுக்கும் அடிக்கிற பூச்சிமருந்து கொட்டகையில் சும்மா கிடக்கும், தாத்தாவின் சுகர், பிரஷர் மாத்திரைகள் டிவி மேலேயே இருக்கும். எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள், முடிந்தால் பூச்சிமருந்தை வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கொடுத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது, பதறாமல் கேட்கலாம்.

அப்புறம் மாத்திரை. பிள்ளை நன்றாகச் சிரித்துப் பேசுகிறதே என்று நாமாக நிறுத்தக் கூடாது. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யவே சில வாரம் ஆகும், திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கெடுதல் வரலாம். மாத்திரை பெரியவர்கள் கையில் இருக்கட்டும். புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகிறது என்று ஓபி தேதியைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. கஷ்டம் புரிகிறது, ஆனாலும் தள்ளாதீர்கள். தூரம்தான் பிரச்சினை என்றால், பக்கத்து அரசு மருத்துவமனையில் தொடர முடியுமா என்று அந்த டாக்டரிடமே கேளுங்கள்.

பள்ளிக்கு அவசரம் வேண்டாம். பப்ளிக் எக்ஸாம் வருஷமாகவே இருந்தாலும், டாக்டரிடம் கேட்டுவிட்டு முதலில் அரை நாள் அனுப்பிப் பாருங்கள். நம்பகமான ஒரு டீச்சருக்கு மட்டும் விஷயம் தெரிந்தால் போதும்.

இதில் யாரும் கவனிக்காமல் விடுவது பெற்றோரைத்தான். ராத்திரி மூன்று தடவை எழுந்து கதவைத் திறந்து பிள்ளை மூச்சு விடுகிறதா என்று பார்க்கிற அம்மா, "உன் செல்லத்தாலதான்" என்று அவர்மேல் பாய்கிற அப்பா, இருவருமே பயத்தில் இருக்கிறார்கள். சொந்தக்காரர்களே, "திருஷ்டியா இருக்கும், மந்திரிச்சுப் பாருங்க" என்ற யோசனை எல்லாம் வேண்டாம். மதியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்திருங்கள், அந்த அம்மா தூங்கி எழட்டும்.

அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவு பகலாக இலவசமாகத் தமிழில் பேசலாம், பெற்றோரும் தங்களுக்காகவே அழைக்கலாம். பிள்ளை தூக்கமில்லாமல் தவித்தாலோ, ஆசையாக வைத்திருந்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தாலோ அடுத்த ஓபி தேதி வரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். சாவதைப் பற்றிப் பேசினால் தனியாக விடாதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள்.