நாக்சோஸில் காரில் ஒருநாள் சுற்று: திட்டம் போடுவது எப்படி?

போன செப்டம்பரில் நான், கணவர், அம்மா மூவரும் ஐந்து நாள் கிரேக்க நாட்டின் நாக்சோஸ் தீவில் இருந்தோம். அதில் மூன்று நாள் மட்டும் கார். முதல் நாள் முழுச் சொதப்பல். இரண்டாம் நாள் பரவாயில்லை. மூன்றாம் நாள்தான் காரை விட்டு இறங்கி நிம்மதியாக நாலு இடம் பார்த்தோம். அந்த மூன்றாம் நாள் எப்படிச் சரியாக அமைந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கப்பல் டிக்கெட், அறை விஷயமெல்லாம் இதில் இல்லை. கார் ஓட்டத் தெரியும், சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழக்கம் உண்டு என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறேன்.

படி 1: தீவைச் சுற்றுகளாகப் பிரியுங்கள்

நாக்சோஸ்தான் சிக்ளடீஸ் தீவுகளிலேயே பெரியது, சுமார் 430 சதுர கிலோமீட்டர். மேற்கே துறைமுக ஊரான ஹோரா, அதற்குத் தெற்கே வரிசையாக மணல் கடற்கரைகள், நடுவில் மலை. சாஸ் சிகரம் 1,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பார்க்க வேண்டிய இடங்களை முதலில் பட்டியலிடாதீர்கள். சாலைகளைப் பாருங்கள். எந்தெந்த ஊர் ஒரே சாலையில் வருகிறது என்று பார்த்துச் சேர்த்தால் சுற்று தானாக அமைந்துவிடும். எனக்குக் கிடைத்தவை மூன்று.

நடுச்சுற்று: சங்க்ரி ஊருக்குப் பக்கத்தில் டிமீட்டர் கோயில், ஹல்கி, மோனி ஊரருகே ட்ரோசியானி மாதா கோயில், ஃப்ளேரியோவில் கிடக்கும் கூரோஸ் (பழங்கால இளைஞன்) சிலை, திரும்ப ஹோரா.

மலைச்சுற்று: ஃபிலோட்டி, அபிரந்தோஸ், அங்கிருந்து கிழக்கே கடலுக்கு இறங்கி மூட்சூனா. போன வழியே திரும்ப வேண்டும்.

வடக்குச்சுற்று: மேற்குக் கடலோரமாக அப்போலோனாஸ் வரை, பிறகு கோரோனோஸ் வழியாக மலையேறி ஹோரா.

ஹோராவுக்குத் தெற்கே இருக்கும் ஆகியோஸ் ப்ரோகோபியோஸ், ஆகியா அன்னா, ப்ளாகா கடற்கரைகளைச் சுற்றில் சேர்க்கவே வேண்டாம். பேருந்து போகிறது. கடற்கரைக்குப் போகிற நாளில் கார் வாடகை தண்டம், வெயிலில் நிற்கத்தான் போகிறது.

படி 2: நேரக் கணக்கு (நான் வழுக்கி விழுந்த இடம்)

முதல் நாள் என் திட்டத்தில் ஏழு இடங்கள் இருந்தன. கைபேசி வரைபடத்தில் மொத்த ஓட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் வந்தது. சின்னத் தீவுதானே, ஏழு என்ன, எட்டே பார்க்கலாம் என்று நினைத்தேன்.

டிமீட்டர் கோயில் வரை எல்லாம் சரி. அங்கிருந்து கடற்கரைப் பக்கம் இறங்க வரைபடம் ஒரு குறுக்கு வழி காட்டியது, பன்னிரண்டு நிமிடமாம். கொஞ்ச தூரத்தில் தார் முடிந்தது. பிறகு சிமெண்ட், அதன் பிறகு வெறும் மண்ணும் கல்லும். இரண்டு பக்கமும் சாந்தில்லாமல் அடுக்கிய கல்சுவர், நடுவில் எங்கள் கார் மட்டும் நுழையும் அகலம். எதிரே ஒரு பிக்கப் வண்டி. அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் காட்டினார். கணவர் இருநூறு மீட்டர் ரிவர்ஸ் எடுத்தார். நான் இறங்கி "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கத்திக்கொண்டே நடந்தேன். அம்மா பின்சீட்டில் கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நிமிட வழிக்கு ஐம்பது நிமிடம்.

அன்று இரவு வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். தார் இல்லாத சாலையில் ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு கிடையாது என்று எழுதியிருந்தது. இது அந்த ஒரு கடையின் விதி அல்ல. கிரேக்கத் தீவுகளில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் இப்படித்தான். முழுக் காப்பீடு என்று காசு வாங்கினாலும் டயர், வண்டியின் அடிப்பாகம் போன்றவை பல சமயம் வெளியேதான் நிற்கும். கையெழுத்து போடும் முன் இந்த ஒரு பத்தியையாவது தேடிப் படியுங்கள்.

அதன் பிறகு நான் நேரம் கணக்கிடுகிற முறை இது.

வரைபடம் சொல்லும் நிமிடத்தைச் சமவெளியில் அப்படியே எடுத்துக்கொள்வேன். மலைச்சாலை என்றால் ஒன்றரை மடங்கு. ஹோராவிலிருந்து அபிரந்தோஸ் சுமார் 26 கிலோமீட்டர்தான், எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆடு குறுக்கே வரும், வளைவில் பேருந்து வரும், அம்மாவுக்குத் தலை சுற்றும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இறங்கி ஏற, வண்டி நிறுத்த என்று பதினைந்து நிமிடம் தனியாகச் சேர்ப்பேன். மலை ஊர்களுக்குள் கார் நுழையாது. ஊருக்கு வெளியே நிறுத்தி நடக்க வேண்டும். இப்படிக் கூட்டி வரும் ஓட்டம் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டினால் ஓர் இடத்தை அடித்துவிடுவேன். எதை அடிப்பது என்று வீட்டில் சண்டை வரும். வரட்டும், காரில் வருவதைவிட அறையில் வருவது மேல்.

சாலை தாரா மண்ணா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறம் தார், வெளிர் பழுப்பு மண். இதிலும் சிமெண்ட் சாலை ஏமாற்றும். அதனால் வழிகாட்டலுக்கு நான் இப்போது ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்மாண்ட் செயலிதான் பயன்படுத்துகிறேன். இரண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடுபவை. மண்சாலையைத் தவிர்க்கச் சொல்லும் வசதி இரண்டிலும் உண்டு. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாவிட்டாலும் ஓடும். காகித வரைபடம் பிடிக்கும் என்றால் அனவாசி நிறுவனத்தின் நாக்சோஸ் வரைபடம் வாங்குங்கள், நடைபாதைகள்கூட அதில் இருக்கின்றன.

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. கார் வாங்கும்போது கடையில் ஓர் இலவசத் தாள் வரைபடம் கொடுப்பார்கள். அதையும் பேனாவையும் அவர்களிடமே நீட்டி, "எங்கே போகக் கூடாது?" என்று கேளுங்கள். அவர்கள் வண்டியாயிற்றே, கவனமாகக் கோடு போட்டுத் தருவார்கள்.

படி 3: எந்தப் பக்கமாகச் சுற்றுவது

இது யாரும் எனக்குச் சொல்லவில்லை. வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் ஒரு தீவைக் கடிகார முள் திசையில் சுற்றினால், மலை எப்போதும் உங்கள் வலப்பக்கம் இருக்கும். பள்ளமும் கடலும் எதிர்த்தடத்துக்கு அந்தப்பக்கம். எதிர்த் திசையில் சுற்றினால் நீங்கள் விளிம்பை ஒட்டியே போக வேண்டும், பல இடங்களில் தடுப்புக் கம்பியும் இருக்காது. வடக்குச்சுற்றில் மேற்குக் கடலோரமாக மேலே ஏறி மலை வழியாகத் திரும்பச் சொன்னது இதற்காகத்தான். ஒரே குறை, மாலையில் மலையிலிருந்து ஹோராவுக்கு இறங்கும்போது வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

வளைவுகளில் கம்பத்தின் மேல் சின்னக் கோயில் மாதிரிப் பெட்டிகள் தெரியும். உள்ளே விளக்கும் புனிதர் படமும் இருக்கும். அங்கே விபத்தில் இறந்தவர்களின் நினைவாக வைத்தவை உண்டு, உயிர் தப்பியவர்கள் நன்றியாக வைத்தவையும் உண்டு. எதுவானாலும் எனக்கு அது வேகத்தைக் குறை என்கிற பலகைதான்.

படி 4: காற்றைப் பாருங்கள்

மழையைப் பற்றி கோடையில் கவலை வேண்டாம். காற்றுதான் விஷயம். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று நாள்கணக்கில் அடிக்கும், செப்டம்பரிலும் சில நாள் வரும். காற்றின் வேகத்தை வானிலைப் பக்கங்களில் போஃபோர்ட் என்ற அளவில் சொல்வார்கள். ஆறு, ஏழு என்று பார்த்தால் வடக்கே திறந்து கிடக்கும் அப்போலோனாஸை அடுத்த நாளுக்குத் தள்ளிவிட்டு நடுச்சுற்றுக்குப் போய்விடுங்கள். கார் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே திறங்கள், காற்று பிடுங்கிக்கொள்ளும். கதவுக் கீலுக்கும் காப்பீடு இல்லாமல் போகலாம்.

படி 5: வண்டியும் எரிபொருளும்

எவ்வளவு சின்னக் கார் கிடைக்குமோ அவ்வளவு சின்னது. ஃபியட் பாண்டா மாதிரி இருந்தால் போதும். பெரிய எஸ்யூவியை இலவசமாகத் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவு அவசியம், அங்கே கியர் வண்டிதான் அதிகம். எடுக்கும்போது வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ, சக்கரங்களையும் சேர்த்து.

பெட்ரோல் பங்க் பெரும்பாலும் ஹோராவைச் சுற்றித்தான். மலையில் கண்ணில் பட்டால் பாக்கியம் என்று நினைத்துக் கிளம்பும்போதே நிரப்பிவிடுங்கள்.

*பின்னர் சேர்த்தது:* ஒரு வாசகர் பின்னூட்டத்தில் எழுதியதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கிரேக்கத்தில் 'பெட்ரேலேயோ' என்றால் டீசல்! பெட்ரோலுக்கு அங்கே 'வென்ஸினி' என்று பெயர். ஈயமில்லாதது என்ற பொருளில் 'அமோலிவ்தி' என்றும் சொல்வார்கள். அவர் பங்கில் ஆளிடம் "பெட்ரோல்" என்று சொல்ல, அந்தப் பையன் டீசல் குழாயை எடுத்துவிட்டானாம், கடைசி நொடியில் பார்த்துத் தடுத்திருக்கிறார். நாங்கள் தப்பித்தது அதிர்ஷ்டம். பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் எழுதியிருப்பதை விரலால் காட்டிவிடுங்கள், பேச்சே வேண்டாம்.

படி 6: ஒரு மாதிரி நாள்

எங்கள் மூன்றாம் நாள், நடுச்சுற்று. காலை எட்டரைக்குக் கிளம்பினோம். இதில் சோம்பல் கூடாது. தொல்லியல் இடங்கள் பல மதியம் மூன்று, மூன்றரைக்கே மூடிவிடும், செவ்வாயன்று சில திறக்கவே திறக்காது. முந்தின நாள் நேரத்தைச் சரிபாருங்கள்.

முதலில் டிமீட்டர் கோயில். கி.மு. 530 வாக்கில் நாக்சோஸ் பளிங்கில் கட்டியது. பிறகு அதையே தேவாலயமாக மாற்றினார்கள், இப்போது சிதறிய கற்களைச் சேர்த்து ஓரளவு நிமிர்த்தியிருக்கிறார்கள். டிமீட்டர் தானியங்களின் தெய்வம். சுற்றிலும் வயல்வெளி இருப்பதைப் பார்த்து, "சரியான இடத்தில்தான் கட்டியிருக்கிறார்கள்" என்றார் அம்மா. பத்தரைக்கு ஹல்கி. 1896 முதல் நடக்கும் வல்லின்ட்ராஸ் வடிசாலை அங்கேதான் இருக்கிறது. எலுமிச்சை இனத்துச் சிட்ரான் மரத்தின் இலையிலிருந்து கித்ரோன் என்ற மது வடிக்கிறார்கள், சுவைக்கவும் தருவார்கள். நான் சுவைத்தேன், ஓட்டுபவர் முறைத்துக்கொண்டு நின்றார். அங்கே சட்ட வரம்பு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம்தான், விளையாட வேண்டாம்.

அடுத்து ட்ரோசியானி. கல்லை அடுக்கி வைத்த குகை மாதிரி ஒரு சின்னக் கோயில், உள்ளே 7ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். தோள், முழங்கால் மூடும் உடை அணிந்துகொள்ளுங்கள். மதியச் சாப்பாடு வழியில் ஒரு தவேர்னாவில், அதாவது உள்ளூர் உணவகத்தில். சைவக்காரர்களுக்கு அவித்த கீரை, பெரிய வெள்ளை மொச்சை போட்ட கீகாந்தெஸ், நாக்சோஸ் உருளைக்கிழங்கு எல்லாம் கிடைக்கும். அம்மாவுக்குத் தயிர் பார்த்ததும் உயிர் வந்தது.

கடைசியாக ஃப்ளேரியோ. 2,500 ஆண்டுகளுக்கு முன் செதுக்கத் தொடங்கி, காலுடைந்ததால் அப்படியே விட்டுப்போன பளிங்கு இளைஞன் ஒரு தோட்டத்து நிழலில் மல்லாந்து கிடக்கிறான். வேலி, கண்ணாடி எதுவும் இல்லை. அருங்காட்சியகத்தில் நூறு சிலை பார்த்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. அப்போலோனாஸில் இவனுடைய பெரியண்ணன் ஒருவன் பத்து மீட்டருக்கு மேல் நீளத்தில் கிடக்கிறான், ஆனால் எனக்கு இவனைத்தான் பிடித்தது. நான்கரைக்கு ஹோரா. சூரியன் மறையும்போது போர்ட்டாரா என்ற பழங்காலக் கோயிலின் பளிங்கு வாசலுக்குப் போக வேண்டும் என்பதால் காரைத் துறைமுக வாகன நிறுத்தத்தில் விட்டு நடந்தோம். அங்கே கார் போகாது.

கேட்டவர்களுக்கு

இந்திய உரிமம் மட்டும் போதுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஊரில் ஆர்டிஓ மூலம் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கி வாருங்கள். அது ஓராண்டு செல்லும். உங்கள் அசல் உரிமத்தையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். நான் ஜெர்மன் உரிமம் வைத்திருப்பதால் இதை முதலில் எழுத மறந்துவிட்டேன்.

மூட்சூனாவுக்கு இறங்கும் சாலை பயமா என்று இன்னொருவர். வளைவு நிறைய, ஆனால் தார் நன்றாக இருக்கிறது. வழியில் இரும்புக் கோபுரங்கள் தெரியும். மலையில் வெட்டிய எமரிக் கல்லைத் தொட்டியில் தொங்கவிட்டுத் துறைமுகத்துக்கு இறக்கிய கம்பிப் பாதை அது. எமரி பேப்பர் வைத்து உலோகத்தைத் தேய்க்கிறோமே, அந்தக் கல்தான். பார்க்க வேண்டுமென்றால் ஓட்டிக்கொண்டே அண்ணாந்து பார்க்காமல் ஓரமாக நிறுத்துங்கள்.

தலைசுற்றலுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டவருக்கு: மூன்றாம் நாள் அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து, வரைபடத்தோடு நான் பின்சீட்டுக்குப் போனேன். அதைப் பார்த்துக்கொண்டே வந்த எனக்குத்தான் தலை சுற்றியது.