வெள்ளிக் கேபிள் வாங்குமுன்: ஹெட்போன் கேபிள் மாற்றுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1.2 மீட்டர் நீளம், 26 கேஜ் தடிமன் (கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும்), நான்கு கம்பி. சுத்த வெள்ளியில் இப்படி ஒரு ஹெட்போன் கேபிள் செய்தால் அதில் இருக்கும் வெள்ளி ஏறத்தாழ ஆறரை கிராம். ஒரு பவுன் எடைகூட வராது. அதற்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுப்பவர்கள் உலோகத்துக்காகக் கொடுப்பதில்லை. அது தரும் என்று நம்பும் ஒலிக்காகக் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் வாங்குவதுதான் முதல் தவறு.

வெள்ளி செம்பைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு? ஐந்து, ஆறு சதவீதம். மேலே சொன்ன அளவில் செம்புக் கேபிள் என்றால் ஒரு காதுக்குப் போய்வரும் 2.4 மீட்டர் கம்பியின் மின்தடை 0.32 ஓம். வெள்ளி என்றால் 0.30 ஓம். 32 ஓம் ஹெட்போனில் இந்த வித்தியாசம் 0.005 டெசிபல். அமைதியான அறையில் கூர்ந்து கேட்டாலும் 0.2 டெசிபலுக்குக் கீழே காது பிடிப்பது அரிது. இது அதற்கும் நாற்பதில் ஒரு பங்கு. இதே ஆதாயம் வேண்டுமானால் செம்புக் கேபிளை ஏழு சென்டிமீட்டர் குட்டையாக வாங்கினால் போதும்.

அந்த 32 ஓம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒலி எழுப்பும் பகுதியான டிரைவருக்குள் இருக்கும் காயிலில் (கம்பிச் சுருளில்), தலைமுடி போன்ற மெல்லிய கம்பியில் இருக்கிறது. அது செம்பு, அல்லது செம்புப் பூச்சுள்ள அலுமினியம். வெள்ளி வழியாக வந்த அதே மின்சாரம் கடைசியில் இதன் வழியாகத்தான் போயாக வேண்டும்.

உலோகத்தின் நிறத்தை ஒலியாகக் கேட்பது

வெள்ளி 'பளிச்' என்று இருக்கும், செம்பு 'கதகதப்பாக' இருக்கும் என்று கேபிள் விமர்சனங்கள் சொல்கின்றன. வெண்கலக் குரல் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது இயல்பாகவே படும். ஆனால் மணி கணீரென்று ஒலிப்பது அதன் உலோகமே அதிர்வதால். கேபிளில் உலோகம் அதிர்ந்து ஒலி எழுப்புவதில்லை. மின்னழுத்தத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். கேபிள்களைப் பற்றிய வர்ணனைகள் அப்படியே உலோகத்தின் நிறத்தைப் பின்தொடர்வதைக் கவனித்தால் அவை எங்கிருந்து பிறக்கின்றன என்று புரியும்.

'அதிக அதிர்வெண்கள் கம்பியின் மேற்பரப்பில் ஓடும், அதனால் வெள்ளி முலாம் பூசிய செம்பில் உச்ச ஒலிகள் தெளிவாகும்' என்றொரு விளக்கமும் உண்டு. இந்த விளைவு ரேடியோ அலைகளில் மெய்யானது. 20 கிலோஹெர்ட்ஸில் மின்சாரம் செம்புக்குள் ஊடுருவும் ஆழம் 0.46 மில்லிமீட்டர், 26 கேஜ் கம்பியின் ஆரமோ 0.2 மில்லிமீட்டர். கேட்கும் எல்லை முழுவதிலும் மின்சாரம் கம்பியின் நடுவரை ஓடுகிறது. வெள்ளி முலாம் புழக்கத்துக்கு வந்த காரணங்கள் வேறு: டெஃப்லான் உறையை ஏற்றும்போது வரும் கடும் சூட்டில் செம்பு கறுக்காமல் இருக்கவும், ரேடியோ அதிர்வெண் வேலைகளுக்கும் அது பயன்பட்டது.

கிட்டார் வாசிப்பவர்கள் இங்கே மறுப்பார்கள், கேபிளை மாற்றினால் ஒலி மாறுவதை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அதுவும் சரிதான். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிட்டார் பிக்கப்பின் மின்மறுப்பு (மாறும் மின்சாரத்துக்குக் காட்டும் தடை) ஆயிரக்கணக்கான ஓம். அதோடு நீளமான கேபிளின் மின்தேக்குத் திறன் சேரும்போது உச்ச ஒலி மழுங்கும். ஹெட்போனை இயக்கும் ஆம்பின் (ஒலிபெருக்கிச் சுற்றின்) வெளியீட்டு மின்மறுப்பு பெரும்பாலும் ஓரிரு ஓம். அங்கே கேபிளின் இருநூறு முந்நூறு பிக்கோஃபாரட் மின்தேக்குத் திறன் எந்த மாற்றமும் செய்யாது. ஒரு துறையில் கண்ட உண்மையை மறுதுறைக்கு அப்படியே எடுத்துவருவதில் வரும் பிழை இது.

பழைய கேபிளை அளக்காமலே மாற்றுவது

கேபிளால் ஒலி மாறும் இடம் ஒன்று உண்மையில் இருக்கிறது, பலர் அதைத் தவறவிடுகிறார்கள். காதுக்குள் செருகும் இயர்போன்களில், ஒரு பக்கத்துக்கு பேலன்ஸ்டு ஆர்மெச்சர் என்ற சிறு வகை டிரைவர் ஐந்தாறு வைத்தவற்றில், மின்மறுப்பு ஒரே அளவாக இருக்காது. 500 ஹெர்ட்ஸில் 30 ஓம், 5 கிலோஹெர்ட்ஸில் 6 ஓம் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூடவே வந்த கேபிள் மெல்லியது, மொத்தம் 1 ஓம். அப்போது 5 கிலோஹெர்ட்ஸில் 1.34 டெசிபல் குறையும், 500 ஹெர்ட்ஸில் 0.29 மட்டும் குறையும். 0.3 ஓம் கேபிள் போட்டால் இந்தக் குறைவு 0.42, 0.09 என்று ஆகிவிடும். மொத்தத்தில் உச்ச ஒலி கீழ்ப்பகுதியோடு ஒப்பிட 0.7 டெசிபல் ஏறுகிறது. கவனமாகக் கேட்பவர்களுக்கு இது கேட்கும்.

ஆனால் இது வெள்ளியின் வேலை இல்லை. தடிமனான செம்பும் அதே 0.3 ஓமைச் சில நூறு ரூபாயில் தரும். பிளேனார் (தட்டையான மெல்லிய படலம் அதிரும்) ஹெட்போன்களில் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய நேர்கோடு. அங்கே 1 ஓம் கூடினாலும் ஒலியளவு ஒரு துளி குறையுமே தவிர குணம் மாறாது. 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600 போன்றவற்றுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

அளக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். 200 ஓம் நிலையில் வைத்து முதலில் இரண்டு முனைக்கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடவிட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் 0.1 முதல் 0.3 வரை காட்டும். பின்னால் எல்லா அளவிலிருந்தும் இதைக் கழிக்க வேண்டும். இதைக் கழிக்காமல் 'புதுக் கேபிளும் அரை ஓம்தான்' என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. சாதாரண 3.5 மில்லிமீட்டர் பிளக்கின் நுனியிலிருந்து இடப்பக்கத்து ஒரு பின்னுக்கும், பிளக்கின் அடிப்பகுதியிலிருந்து இடப்பக்கத்து மறு பின்னுக்கும் அளந்து கூட்டுங்கள். வலப்பக்கத்துக்கு நுனிக்குப் பதிலாக நடு வளையம். மொத்தம் அரை ஓமுக்குள் இருந்தால் அந்தக் கேபிளில் மாற்ற ஒன்றும் இல்லை. 0.8 முதல் 1 வரை இருந்தால் கம்பி மெல்லியது. மேலே சொன்ன வகை இயர்போனுக்கு மட்டும் மாற்றிப் பார்க்கலாம். 1.5 தாண்டினாலோ, பிளக் அருகே வளைக்கும்போது எண் குதித்தாலோ, உள்ளே இழைகள் அறுந்துவருகின்றன. இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்: பாடகரின் குரல் ஒரு காதுப் பக்கம் சாய்ந்து கேட்பதற்கு இது ஒரு காரணம்.

துருவம் மாறிப் போனதை முன்னேற்றம் என்று எண்ணுவது

கேபிள் மாற்றியதும் 'மேடை அகன்றுவிட்டது, காற்றோட்டமாக இருக்கிறது' என்று தோன்றினால் மகிழ்வதற்கு முன் துருவத்தை, அதாவது நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறவில்லையா என்று, சரிபாருங்கள். இரண்டு பின் செருகும் இயர்போன்களில், குறிப்பாக மேற்பரப்பு சமமாக உள்ள 0.78 மில்லிமீட்டர் சாக்கெட்டில், பின்னைத் திருப்பிச் செருகினாலும் உள்ளே போய்விடும். ஒரு பக்கம் மட்டும் இப்படித் திரும்பினால் ஒரு டிரைவர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். ஸ்பீக்கரில் நடப்பதுபோல் பாஸ் அழிந்துபோகாது, ஒவ்வொரு காதும் தனித்தனியாகக் கேட்பதால். ஆனால் தலைக்கு நடுவில் நிற்க வேண்டிய குரல் இடமில்லாமல் இரு பக்கமும் கரையும், அடிநாதம் உள்ளீடற்றுத் தோன்றும். முதல் ஐந்து நிமிடம் இது விசாலம்போலவே கேட்கும்.

சோதனை எளிது. மோனோவில் (இரு காதுக்கும் ஒரே ஒலியாக) பதிவான ஏதாவது பழைய பாட்டைப் போடுங்கள். குரல் மூக்குக்கு நேராக, ஒரே புள்ளியில் நின்றால் சரி. இல்லையென்றால் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, பிளக்கின் நுனியோடு இணைந்த இடப்பக்கப் பின் எது, நடு வளையத்தோடு இணைந்த வலப்பக்கப் பின் எது என்று பாருங்கள். காதுக் கொக்கியை மாட்டும் நிலையில் பிடித்தால் இரண்டும் ஒரே திசையில், இரண்டும் முன்னால் அல்லது இரண்டும் பின்னால் இருக்க வேண்டும்.

ஒலி கூடியதைத் தரம் கூடியதாகக் கொள்வது

வெள்ளிக் கேபிள்கள் பெரும்பாலும் 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு பிளக்கோடு (இடது, வலது இரண்டுக்கும் எதிர்முனை தனித்தனியாக உள்ள வகை) விற்கப்படுகின்றன. போனில் செருகும் குட்டி ஆம்புகளான பல டாங்கிள்கள் 3.5 துளையில் 2 வோல்ட்டும் 4.4 துளையில் 4 வோல்ட்டும் தருகின்றன. 6 டெசிபல் வித்தியாசம். சற்றுக் கூடுதலாக ஒலிக்கும் எதையும் காது 'தெளிவு' என்றே எடுத்துக்கொள்ளும். பழைய கேபிளை 3.5-லும் புதியதை 4.4-லும் மாட்டி ஒப்பிட்டவர் கேபிளை ஒப்பிடவே இல்லை.

நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால் 300 ஹெர்ட்ஸ் சைன் ஒலிக் கோப்பை ஓடவிட்டு, கேபிளின் இயர்போன் முனையில் இடப்பக்கத்து இரு பின்களுக்கும் இடையே ஏசி வோல்ட் அளந்து, இரண்டு அமைப்பும் ஒரு சதவீதத்துக்குள் வரும்வரை ஒலியளவைச் சரிசெய்யுங்கள். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம்: மலிவான மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் பொய் சொல்லும். பின் இன்னொருவர் கேபிளை மாட்ட, கேட்பவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், கேபிளைச் சட்டையில் கிளிப் போட்டுக் கை படாமல் வைக்க வேண்டும். எடையும் உரசலும் காட்டிக்கொடுத்துவிடும். பத்துச் சுற்றில் ஒன்பது சரியாக வந்தால் பேசலாம். எட்டோ அதற்கு மேலோ சரியாக வருவது குருட்டு அதிர்ஷ்டத்திலேயே நூற்றுக்கு ஐந்து முறைக்கு மேல் நடக்கும்.

இந்த முறையிலும் ஒரு குறை உண்டு. கேபிள் மாற்ற அரை நிமிடம் ஆகிறது, நுண்ணிய ஒலி நினைவு சில நொடிகளில் மங்கிவிடும். இரு பக்கமும் 3.5 சாக்கெட் உள்ள ஹெட்போன் என்றால் இதைவிட நல்ல வழி இருக்கிறது: கேபிளின் முனையில் ஒரு ஒய் பிரிப்பான் போட்டு, ஒரு கிளையை ஹெட்போனுக்கும் மறு கிளையை ஆடியோ இன்டர்ஃபேஸின் (கணினியில் ஒலி பதியும் கருவியின்) லைன் உள்ளீட்டுக்கும் கொடுங்கள். ஹெட்போனுக்குப் போகும் மின்சாரமே பதிவாகும். இரண்டு கேபிளிலும் ஒரே பாட்டைப் பதிந்து, ஃபூபார்2000 மென்பொருளின் ஏபிஎக்ஸ் வசதியில் (எது ஒலிக்கிறது என்று காட்டாமல் சோதிப்பது) நொடிக்குள் மாறி மாறிக் கேட்கலாம். பேலன்ஸ்டு வெளியீட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், எதிர்முனை இன்டர்ஃபேஸின் தரையோடு சேர்ந்து ஆம்ப் கெடக்கூடும்.

அடாப்டரைத் தலைகீழாக வாங்குவது

ஒலி மாறாமல் போனால் பணம் மட்டும் போகும். இதில் ஆம்பே போகும். 4.4 கேபிளை போனின் 3.5 துளையில் மாட்டும் அடாப்டர் பாதுகாப்பானது. அதற்கு எதிரானது, சாதாரண 3.5 ஹெட்போனை 4.4 பேலன்ஸ்டு துளையில் மாட்டும் அடாப்டர், இடது எதிர்முனையையும் வலது எதிர்முனையையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. பேலன்ஸ்டு ஆம்பில் அந்த இரண்டுமே தனித்தனியாக இயங்கும் வெளியீடுகள். ஒன்றோடொன்று மோதிக்கொண்டால் சிப் சூடாகிப் பழுதாகும். புதிதாக வாங்குபவர்கள் 4.4 கேபிளும் 3.5-க்கு இறக்கும் அடாப்டரும் வாங்கினால் எல்லாத் துளைக்கும் சரியாகும்.

'வெள்ளி' என்ற சொல்லை நம்புவது

மலிவு விலையில் வெள்ளி என்று வருவது பெரும்பாலும் வெள்ளி முலாம் பூசிய செம்பு. அதில் தவறில்லை. செம்பு பூசிய அலுமினியத்துக்கு மேல் வெள்ளைப் பூச்சு போட்டு வருவதுதான் மோசம்: செம்பின் கடத்தும் திறனில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது, நாலைந்து மாதம் வளைத்தால் முறியும். வெட்டிய முனையைக் கத்தியால் சுரண்டினால் சிவப்பு தெரிந்தால் முலாம். அதையும் தாண்டிச் சுரண்டும்போது வெளுத்தால் அலுமினியம். கேபிளை வெட்ட மனமில்லாதவர்களுக்கு மின்தடை அளவே துப்பு: விற்பவர் சொல்லும் கேஜுக்கு வர வேண்டியதைவிட ஒன்றரை மடங்கு காட்டினால் சந்தேகப்படுங்கள். 24 கேஜ் செம்பு மீட்டருக்கு 0.084 ஓம், 26 கேஜ் 0.134, 28 கேஜ் 0.213, 30 கேஜ் 0.339. ஒரு காதுக்கான கணக்கில் நீளத்தை இரட்டிப்பாக்க மறக்க வேண்டாம்.

சாக்கெட்டைப் பொருத்தம் பார்க்காமல் திணிப்பது

0.75 மில்லிமீட்டர் சாக்கெட்டில் 0.78 பின்னை அழுத்தினால் உள்ளே போகும், சாக்கெட் நிரந்தரமாக விரியும். பிறகு பழைய கேபிள் ஆடும், ஒலி விட்டுவிட்டு வரும். எம்எம்சிஎக்ஸ் வகையை (அழுத்திப் பூட்டும் சிறு வட்ட இணைப்பு) கேபிளைப் பிடித்து இழுக்கவே கூடாது. இடைவெளியில் நகத்தைக் கொடுத்து நேராக நெம்ப வேண்டும். அடிக்கடி கழற்றினால் தளர்ந்துபோகும் வகை அது, ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையில் நாளுக்குப் பத்து முறை கழற்றுபவர்கள் இயர்போனையே இழக்கிறார்கள். தாமே பற்றவைப்பவர்கள் 2 பின் பிளக்கை ஒரு பழைய சாக்கெட்டில் செருகி வைத்துக்கொண்டு சால்டர் செய்தால் பிளாஸ்டிக் உருகிப் பின்கள் சாய்வது தவிரும். ஒவ்வொன்றும் தனித்தனியாக எனாமல் பூசிய லிட்ஸ் இழைகள் என்றால் ஏறத்தாழ 400 டிகிரியில் எனாமல் முழுக்க எரிந்து ஈயம் பளபளவென்று பரவ வேண்டும். பாதி எரிந்த இணைப்பு முதல் வாரம் வேலை செய்துவிட்டுப் பிறகு ஒரு பக்கத்தை மௌனமாக்கும்.

தடித்த கேபிளின் உரசல் இன்னொன்று. விறைப்பான உறையுள்ள கேபிள் சட்டையில் உரசும் ஒவ்வொரு முறையும் காதுக்குள் 'கரகர' என்று கேட்கும். நடந்துகொண்டே கேட்பவர்களுக்கு மென்மையான செம்புக் கேபிள்தான் நல்ல ஒலி தரும். கம்பியைக் காதின் மேல் சுற்றி, தாடைக்கடியில் உள்ள வளையத்தை மேலேற்றினால் பாதி உரசல் அடங்கும்.

வியர்வையும் ஈரக்காற்றும் உள்ள ஊர்களில் கண்ணாடி போன்ற உறைக்குள் செம்பு பச்சையாகும், வெள்ளி கறுக்கும். நடுவில் நிறம் மாறினால் ஒலிக்கு ஒன்றும் ஆகாது. பின்களிலும் பிளக்கிலும் படிந்தால்தான் 'கரமுர' சத்தம் வரும். ஐசோபுரோபில் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்தபின் நாலைந்து முறை செருகி எடுங்கள். மங்கிய ஒலிக்காகக் கேபிள் தேடுபவர்களில் பலருக்குத் தேவைப்படுவது இதுவோ, நைந்த காதுமெத்தைக்கு மாற்றோ, ஓர் அளவு பெரிய சிலிகான் முனையோதான். மெத்தையோ முனையோ காதோடு சரியாகப் பொருந்தாமல் காற்றுக் கசிந்தால் பாஸ் பல டெசிபல் குறைந்துவிடும்.