ஏஐ ஏஜெண்ட் கையில எந்த கமாண்டை குடுக்கலாம், எதை குடுக்கக்கூடாது: புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு

போன மாங்கா சீசன்ல கிருஷ்ணகிரில மாமாவோட மண்டில லோடு கணக்கு ஷீட்டெல்லாம் ஒரே ஃபோல்டர்ல குப்பையா கெடந்துச்சு, பெங்களூரா தனி செந்தூரா தனின்னு பிரிச்சு வைக்கலாம்னு ஒரு ஏஐ ஏஜெண்ட்டை (சொன்ன வேலையை கம்ப்யூட்டர்ல தானே கமாண்ட் ஓட்டி செய்யற ஏஐ) எறக்கி விட்டேன். அது ஒவ்வொரு கமாண்டுக்கும் 'ஓட்டட்டுமா'ன்னு கேக்குது, வெளிய லாரிக்காரன் ஹார்ன் அடிக்கறான், மாமா உள்ளருந்து கத்தறாரு, நான் பைத்தானுக்கு (ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டற ஒரு புரோக்ராமிங் லாங்குவேஜ்) 'இனிமே கேக்காதே'ன்னு அமுக்கிட்டு எடை போட போயிட்டேன். வந்து பாத்தா 9 நாள் ஷீட்டை காணோம்! டபுளா இருக்குன்னு அதுவே முடிவு பண்ணி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அழிச்சிருக்கு. ஃபைல் அழிக்கற ஆர்எம் கமாண்டுக்கு நான் பர்மிஷனே குடுக்கல, ஆனா பைத்தானை தொறந்து விட்டா எல்லாத்தையும் தொறந்து விட்ட மாதிரிதான்னு அப்ப தெரியல. மாமா தெனம் ராத்திரி ஷீட்டை வாட்ஸ்அப்ல அனுப்பற ஆளு, அதனால தப்பிச்சோம்.

இப்ப கிளாட் கோட்னு ஆந்த்ரோபிக் கம்பெனியோட ஏஜெண்ட் ஒண்ணு இருக்கு, அதை வச்சு செட்டிங்கை காட்றேன். மத்த ஏஜெண்ட்லயும் பேரு மாறும், விஷயம் கிட்டத்தட்ட இதேதான்.

ஸ்டெப் 1: வேலை நடக்க வேண்டிய ஃபோல்டருக்குள்ள போயி அங்கருந்து ஸ்டார்ட் பண்ணுங்க. அது ஃபைல் எடிட் பண்றது ஸ்டார்ட் ஆன ஃபோல்டர், அதுக்கு உள்ள இருக்கறதோட நிக்கும், மேல போகணும்னா கேக்கும். அதுக்கு முன்னாடி அந்த ஃபோல்டரை ஒரு பென்டிரைவ்ல காப்பி போட்டுடுங்க.

ஸ்டெப் 2: ஷிஃப்ட் கீயோட டேப் கீயை அமுக்க அமுக்க மோட் மாறும். பிளான் மோட் வர்ற வரைக்கும் அமுக்குங்க. அதுல படிச்சு பாத்து என்ன செய்யப்போறேன்னு சொல்லும், ஃபைல்ல கை வைக்காது.

ஸ்டெப் 3: இதான் முக்கியம், பொறுமையா பாருங்க. ஸ்லாஷ் போட்டு பெர்மிஷன்ஸ்னு அடிங்க. அலவ் (கேக்காம ஓட்டும்), ஆஸ்க் (கேட்டுட்டு ஓட்டும்), டினை (ஓட்டவே விடாது)ன்னு 3 லிஸ்ட் இருக்கும். டினையைத்தான் மொதல்ல பாக்கும், அப்பறம் ஆஸ்க், கடைசிலதான் அலவ். ஒரே கமாண்ட் ரெண்டு பக்கமும் இருந்தா டினைதான் ஜெயிக்கும். ரூல் எழுதறது ஈஸி, பாஷ்னு (கமாண்ட் ஓட்டற டூலோட பேரு) இங்கிலீஷ்ல எழுதி (முதல் எழுத்து பெருசு) அடைப்புக்குறிக்குள்ள கமாண்ட், அப்பறம் ஒரு ஸ்பேஸ், ஒரு நட்சத்திரம். நட்சத்திரம்னா பின்னாடி என்ன வந்தாலும் சரின்னு அர்த்தம், அதனால அலவ்ல அதை போடறப்ப ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிங்க.

நான் எப்படி பிரிக்கறேன்னா, திருப்பி எடுக்க முடியுமான்னு மட்டும் பாப்பேன். கிட்னு ஃபைல்ல என்ன மாறுச்சுன்னு கணக்கு வைக்கற டூல் இருக்கு, அதுல கிட் ஸ்டேட்டஸ், கிட் டிஃப் எல்லாம் சும்மா பாக்கறதுதான், அலவ். கிட் புஷ் (மாத்தினதை வெளி சர்வருக்கு அனுப்பறது), பிப் இன்ஸ்டால் (பைத்தான் பேக்கேஜ் எறக்கி போடறது), கர்ல் (நெட்ல டேட்டா வாங்கறது, அனுப்பறது), பைத்தான் எல்லாம் ஆஸ்க். ஆர்எம், சூடோ (அட்மின் பவர்ல ஓட்டறது) டினை. பாஸ்வேர்ட், ஏபிஐ கீ இருக்கற டாட் என்வ் ஃபைலுக்கு ரீட் டினை (டினை லிஸ்ட்ல பாஷுக்கு பதிலா ரீட்னு போட்டு எழுதற ரூல்).

ஆனா ரீட் டினை போட்டாச்சுன்னு காலை நீட்டி படுத்துடாதீங்க. அது ஏஜெண்ட் நேரா ஃபைலை தொறக்கறதைத்தான் தடுக்கும், ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் உள்ள போயி அதே ஃபைலை படிச்சா இந்த ரூலுக்கு தெரியாது. ஆர்எம்மும் அப்படித்தான், ஃபைண்ட் கமாண்ட்லயே டெலீட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுவும் அழிக்கும். அதனால ஃபைண்டையும் ஆஸ்க்ல போடுங்க, கேக்கறப்ப ஸ்கிரிப்ட் உள்ள என்ன இருக்குன்னு படிச்சுட்டு எஸ் குடுங்க. முழுசா அடைக்கணும்னா சாண்ட்பாக்ஸ்தான் (ஏஜெண்ட் ஓட்டற எதுவும் வெளிய கை நீட்ட முடியாதபடி அடைச்சு வைக்கறது), அது இன்னொரு நாள் எழுதறேன்.

ஸ்டெப் 4: ஏற்கனவே அவசரத்துல 'இனிமே கேக்காதே' குடுத்திருந்தா அது அன்னிக்கோட போகாது, கமாண்டா இருந்தா அந்த ப்ராஜெக்டுக்கு நிரந்தரமா உக்காந்துக்கும். அதே பெர்மிஷன்ஸ் ஸ்கிரீன்ல அலவ் லிஸ்ட்ல தேடி தூக்கிடுங்க. யூடியூப்ல சிலபேரு டேஞ்சரஸ்லி ஸ்கிப் பெர்மிஷன்ஸ்னு ஒரு ஆப்ஷன் போட்டு ஓட்டறாங்க, பேர்லயே டேஞ்சர்னு எழுதி வச்சிருக்கான், அதுக்கு மேல நான் என்ன சொல்ல. கணக்கு வழக்கு இருக்கற லேப்டாப்ல வேண்டவே வேண்டாம்.

ஸ்டெப் 5: டெஸ்ட். காலி ஃபைல் ஒண்ணை உருவாக்கி, பிளான் மோட்லருந்து வெளிய வந்து, இதை அழின்னு சொல்லுங்க. ஆர்எம் தடைன்னு வரணும். அப்ப அது சளைக்காம 'பைத்தான்ல அழிக்கட்டுமா'ன்னு கேட்டுச்சுன்னா பயப்படாதீங்க, பைத்தான் ஆஸ்க் லிஸ்ட்ல சரியா உக்காந்திருக்குன்னு அர்த்தம், நோ குடுங்க.