குழந்தை வாயால் மூச்சு விடுகிறதா? வீட்டிலேயே கவனிக்கும் முறை

சளி பிடித்த நாலு நாள் குழந்தை குறட்டை விட்டால் பரவாயில்லை. சளி இல்லாதபோதும் வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் குறட்டை கேட்டால், அதை அசதி என்று விட்டுவிடாதீர்கள். மூச்சுப் பாதை எங்கோ குறுகியிருக்கலாம்.

மூக்கு வழி அடைபட்டால் குழந்தை வாயால் மூச்சு விடும். அது முக அமைப்பையும் மாற்றலாம். எப்படி? வாய் மூடியிருக்கும்போது நாக்கு மேலண்ணத்தில், அதாவது வாயின் மேற்கூரையில், ஒட்டியிருக்கும். கன்னத் தசைகள் வெளியிலிருந்து அழுத்த, நாக்கு உள்ளிருந்து தாங்கும். வாய் எப்போதும் திறந்தே இருந்தால் நாக்கு கீழே இறங்கிவிடும். மேல்தாடை குறுகி, அண்ணம் குழிந்து, பற்களுக்கு இடம் போதாமல் போகலாம். அண்ணத்தின் மேல்பக்கம்தான் மூக்கின் அடித்தளம் என்பதால் மூக்கும் சேர்ந்து குறுகும். முக அமைப்பில் பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு, அதனால் பயந்துவிட வேண்டாம்.

படி 1: பகலில் பாருங்கள். படம் வரையும்போதோ டிவி பார்க்கும்போதோ, சொல்லாமல் கவனியுங்கள். உதடுகள் பிரிந்தே இருக்கின்றனவா? காலையில் உதடு வறண்டு வெடித்திருக்கிறதா? தலையணையில் எச்சில் கறை இருக்கிறதா?

படி 2: இரவில் வீடியோ எடுங்கள். இதுதான் மிக முக்கியம். மூச்சுத் தடை விடியற்காலையில் அதிகமாகத் தெரியும், அதனால் அந்த நேரத்திலும் இரண்டு மூன்று நிமிடம் எடுங்கள். முகத்தோடு நெஞ்சும் தெரியட்டும். நெஞ்சு ஏறி இறங்கியும் மூச்சுச் சத்தம் நின்றுபோய், திடீரென்று திணறி இழுக்கிறதா? கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுக்கிறதா? வியர்த்துக் கொட்டுகிறதா? தூக்கம் இப்படித் துண்டு துண்டானால் பெரியவர்கள் சோர்ந்துவிடுவார்கள். குழந்தைகள் பெரும்பாலும் துறுதுறுவென்று ஓடுவார்கள், கவனம் சிதறும், எரிச்சல்படுவார்கள். நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்கலாம். 'சேட்டை' என்று திட்டுவதற்கு முன் தூக்கத்தைப் பாருங்கள்.

படி 3: மூக்கைச் சோதியுங்கள். மூக்கின் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடித்து, வாயை மூடி மூச்சுவிடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஆவி படிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், உள்ளே ஏதாவது சிக்கியிருக்கலாம். நீங்களே எடுக்க முயலாமல் மருத்துவரிடம் போங்கள்.

படி 4: காரணத்தைத் தேடுங்கள். சாதாரண அடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அந்த வீடியோவைக் காட்டுங்கள். ஒவ்வாமை, பெருத்த டான்சில், மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை, இவைதான் வழக்கமான காரணங்கள். அடினாய்டு பள்ளி செல்லத் தொடங்கும் வயதில் பெரிதாக இருந்து, பதின்பருவத்தில் சுருங்கும். ஆனால் அதற்காகக் காத்திருப்பது சரியல்ல, முகம் வளர்வதும் அதே வருடங்களில்தான்.

அடைப்பு நீங்கிய பிறகும் பழக்கத்தால் வாய் திறந்தே இருந்தால், உதடு, நாக்குப் பயிற்சிகள் சொல்லித் தருவார்கள். அண்ணம் குறுகியிருந்தால் பல் சீரமைப்பு மருத்துவர் அதை விரிக்கும் கருவி பொருத்துவார். சிறு வயதில் அண்ண எலும்பின் நடு இணைப்பு முழுதாக இறுகியிருக்காது, அதனால் எளிதில் விரியும்.

அப்புறம், இணையத்தில் பார்த்துவிட்டு குழந்தையின் வாயில் டேப் ஒட்டாதீர்கள். மூக்கு அடைத்திருந்தால் அந்தக் குழந்தைக்கு இருக்கும் ஒரே வழி வாய்தான்.