டேப் கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டும் முன்

"இந்த டேப் போச்சு, படிக்கவே மாட்டேங்குது." சர்வர் அறையில் இப்படி ஒருவர் சொல்லிவிட்டால் அந்தக் கார்ட்ரிட்ஜ் அநேகமாகக் குப்பைக்குத்தான். அப்படி ஒதுக்கியதை வாங்கிப் பார்த்திருக்கிறேன். பல நல்ல டேப்புகள். டேப் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் கமாண்ட் கொடுத்ததுதான் கோளாறு. லினக்ஸில் எல்டிஓ (பேக்கப்புக்கான காந்த டேப் வகை) டிரைவைச் சோதிக்க எம்டி என்ற சின்னக் கமாண்டே பெரும்பாலும் போதும். ஆனால் சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான்; நிச்சயமா என்று திருப்பிக் கேட்காது.

முதல் தவறு டிவைஸ் பெயரிலேயே வந்துவிடும். எஸ்டி0, என்எஸ்டி0 இரண்டும் ஒரே டிரைவ். எஸ்டி0 வழியாகப் போனால் ஒவ்வொரு கமாண்டும் முடிந்ததும் டேப் தானாகத் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். முன்னால் ஒட்டிய ‘என்’ அதைத் தடுக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்தின் இரவு ஸ்கிரிப்டைப் பார்க்கக் கொடுத்தார்கள். முதல் வரி டேட்டாபேஸை டாரில் (பல கோப்புகளை ஒரே ஆர்க்கைவாகக் கட்டும் கமாண்ட்) எழுதும், அடுத்த வரி மெயில் கோப்புகளை எழுதும். இரண்டிலும் எஸ்டி0. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் தினமும் காலையில் டேப்பில் இருந்தது மெயில் மட்டும். டேட்டாபேஸின் மேலேயே அது எழுதப்பட்டிருந்தது. ஓர் எழுத்து விட்டுப்போனதில் அந்த டேட்டாபேஸுக்கு மாதக்கணக்கில் பேக்கப்பே இல்லை. இன்றும் நினைத்தால் வயிற்றைக் கலக்கும்.

டிரைவ் இரண்டு இருந்தால் இன்னொரு சிக்கல்: மறுபடி பூட் ஆகும்போது 0-வும் 1-உம் இடம் மாறலாம். டெவ் கோப்புறையில் டேப் என்பதன் கீழ் உள்ள பை-ஐடி பெயர்களையே ஸ்கிரிப்டில் எழுதுங்கள்.

அடுத்தது, நிற்கும் இடம். எந்தச் சோதனைக்கும் முன் எம்டி ஸ்டேட்டஸ் கொடுங்கள். ஃபைல் நம்பர் 0, பிளாக் நம்பர் 0, கீழே பிஓடி என்று வந்தால் டேப் தொடக்கத்தில் இருக்கிறது. -1 என்று வந்தால் எங்கே இருக்கிறோம் என்பது டிரைவருக்கே தெரியவில்லை. ரீவைண்ட் செய்துவிட்டுத் தொடங்குங்கள். டேப் பிளாக் சைஸ் 0 என்று காட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பிளாக் (ஒரு தடவையில் எழுதும் தரவுத் துண்டு) அளவு மாறக்கூடியது என்றுதான் அதற்குப் பொருள்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. என்எஸ்டி0-வில் முதல் ஆர்க்கைவைப் படித்து முடித்ததும், டேப் பெரும்பாலும் ஃபைல்மார்க்குக்கு (ஒரு கோப்பு முடிந்ததைக் காட்டும் குறி) முன்னாலேயே நின்றுவிடும். உடனே இரண்டாவதைப் படிக்கச் சொன்னால் டார் அந்த ஃபைல்மார்க்கில் முட்டி, ஒன்றும் இல்லை என்று திரும்பும். இரண்டாவது பேக்கப் எழுதப்படவே இல்லை என்று நினைத்துவிடுவோம். எம்டியில் எஃப்எஸ்எஃப் 1 கொடுத்து அந்தக் குறியைத் தாண்டினால் அது அங்கேயே இருக்கும். பின்னால் போக பிஎஸ்எஃப் 1 கொடுப்பதிலும் இதே கதை: முந்தைய கோப்பின் முடிவில் கொண்டுபோய் விடும், தொடக்கத்தில் அல்ல. எனக்கு இந்தக் கணக்கு எப்போதும் குழம்பும் என்பதால் ஏஎஸ்எஃப்தான் பயன்படுத்துகிறேன். அது ரீவைண்ட் செய்து முதலிலிருந்து எண்ணிக்கொண்டு போகும். நேரம் கொஞ்சம் கூடுதல், ஆனால் நிம்மதி.

‘கேனாட் அலோகேட் மெமரி’ என்று டார் சொன்னால் சர்வரில் மெமரி கூட்ட ஓடாதீர்கள். எழுதிய பிளாக் பெரியது, படிக்கக் கேட்ட அளவு சிறியது. டார் இயல்பாக 10,240 பைட்டில் படிக்கும். எழுதியவர் பி ஆப்ஷனில் 2048 கொடுத்திருந்தால் பிளாக் 1 எம்பி. அளவு தெரியாத பழைய டேப்பா? டிடி கமாண்டில் பிஎஸ் 2 எம்பி, கவுண்ட் 1 கொடுத்து ஒரே ஒரு பிளாக்கை ஒரு கோப்பில் இறக்குங்கள். அந்தக் கோப்பின் அளவுதான் டேப்பின் பிளாக் அளவு. அப்புறம் ரீவைண்ட் செய்து, அந்த அளவிலேயே படியுங்கள்.

தரவு இருக்கும் டேப்பில் எழுதிப் பார்த்துச் சோதிப்பது மன்னிக்க முடியாத தவறு. தொடக்கத்தில் ஒரு பிளாக் எழுதினாலும் போதும், தரவின் முடிவு அங்கே என்று டேப்பில் பதிவாகிவிடும். அதற்குப் பின்னால் இருப்பதைச் சாதாரணமாகப் படிக்கவே முடியாது. சந்தேகமான டேப்பை டிரைவில் போடும் முன்பே கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை நகர்த்திப் பூட்டுங்கள். ஸ்டேட்டஸில் ரைட் புரொடெக்ட் என்று வந்த பிறகுதான் மேலே போக வேண்டும். எழுதிப் பார்க்கத் தனியாக ஒரு காலி டேப் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் டெவ் ஜீரோவிலிருந்து எடுத்து எழுதாதீர்கள். வெறும் சுழியங்களை டிரைவ் ஒன்றுமில்லாமல் சுருக்கிவிடும். எல்டிஓ-6 டிரைவின் உண்மையான வேகம் நொடிக்கு 160 எம்பி என்றால் திரையில் அதைவிட எவ்வளவோ அதிகமாகக் காட்டும்.

டாரில் பட்டியல் ஒழுங்காக வந்துவிட்டால் பேக்கப் சரி என்று விட்டுவிடுகிறோம். டார் வைத்திருக்கும் செக்சம் (தரவு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) ஒவ்வொரு கோப்பின் தலைப்புக்கு மட்டும்தான், உள்ளடக்கத்துக்கு அல்ல. சில கோப்புகளையாவது வேறு இடத்தில் இறக்கி, எழுதும் முன் எடுத்து வைத்த ஷா256 செக்சம் மதிப்போடு ஒப்பிட வேண்டும். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் கோளாறால் ஜிமெயிலில் ஒரு சிறு பகுதிப் பயனர்களின் மெயில்கள் காணாமல் போனபோது, கூகுள் அவற்றை டேப்பிலிருந்துதான் மீட்டது. படிக்க முடிந்த டேப் இருந்ததால் அது முடிந்தது.

கடைசியாக ‘இன்புட் அவுட்புட் எரர்’. டேப், டிரைவின் தலை, கேபிள், எது கெட்டாலும் இந்த ஒரே வாசகம்தான் வரும். டிமெசேஜ் லாகை (லினக்ஸ் கெர்னலின் செய்திப் பதிவு) பாருங்கள், பிறகு டிரைவின் நிலையைச் சொல்லும் டேப்இன்ஃபோ கமாண்டை ஓட்டுங்கள். அதற்கு எஸ்ஜி டிவைஸ் (அதே டிரைவுக்கு லினக்ஸில் உள்ள இன்னொரு பெயர்) கொடுக்க வேண்டும், எது என்று எல்எஸ்ஸ்கஸி கமாண்ட் சொல்லும். டிரைவ் தரும் எச்சரிக்கைகளில் டேப் அலர்ட் 20 வந்தால் உடனே சுத்தம் செய்ய வேண்டும். தலை சுத்தமாகும் முன் எந்த டேப்பையும் குற்றம் சொல்லாதீர்கள். ஒன்று முக்கியம்: அந்த அலர்ட்டுகளை ஒருமுறை படித்தாலே அழிந்துவிடும். முதல் தடவையே வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். அதன் பிறகும் பிழை வந்தால் அதே டேப்பை வேறு டிரைவில், வேறு டேப்பை அதே டிரைவில் போட்டுப் பாருங்கள். எந்த டேப் எந்த டிரைவில் எந்தத் தேதியில் தடுமாறியது என்று ஒரு நோட்டில் எழுதி, டிரைவின் மேலேயே வைத்துவிடுங்கள்.