மொரிஸ் மைனரில் சிக்னல் மின்னவில்லையா? பிளாஷர் வாங்க முன் எர்த்தைப் பாருங்கள்

பெரியப்பாவின் 1966 மொரிஸ் மைனர் கல்லடியில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் நிற்கிறது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். அந்த உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இஞ்சின் நன்றாக ஓடியது. சிக்னல்தான் பிரச்சினை. "கை காட்டினாக் காணும் மகன், அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தானே ஓடினோம்" என்பார் பெரியப்பா. ஆனால் இன்றைக்குக் கல்முனை வீதியில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் பிள்ளைகளுக்குக் கைச் சைகை விளங்காது. அதனால் இதைச் சரிசெய்யாமல் விடுவதில்லை என்று இறங்கினேன்.

கோளாறு இதுதான். இடப்பக்கம் சிக்னல் போட்டால் முன் விளக்கு மின்னாமல் நின்று எரியும். பின் மஞ்சள் விளக்கு தணல் போலக் கொஞ்சமாகத் தெரியும். அதோடு வலப்பக்கப் பிரேக் லைட்டும் மங்கலாகச் சிவக்கும். வலப்பக்கம் போட்டால் எல்லாம் ஒழுங்கு. பிளாஷர், அதாவது சிக்னலை விட்டு விட்டு மின்ன வைக்கும் சின்ன டப்பா, போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கினேன். மாற்றமில்லை. இன்னொன்றும் வாங்கினேன். அதுவும் அப்படியே. பிழை பிளாஷரில் இல்லவே இல்லை. நீங்களும் அந்தக் காசைச் செலவழிக்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

தேவையான சாமான்கள்

ஒரு மல்டிமீட்டர், விலை குறைந்ததே போதும். 5 மீட்டர் மெல்லிய வயர். ஒரு 21 வாட்ஸ் பல்பை ஹோல்டரோடு இரண்டு வயரில் கட்டிய டெஸ்ட் லாம்ப். பழைய டூத் பிரஷ், மெல்லிய சாண்ட் பேப்பர், வாசலின். கடையில் விற்கும் எல்ஈடி டெஸ்டரை விட 21 வாட்ஸ் டெஸ்ட் லாம்ப்தான் எனக்குப் பிடிக்கும். எல்ஈடிக்குத் துளி கரண்ட் போதும், அரை உயிரில் கிடக்கும் வயரையும் நல்லது என்று காட்டிவிடும். 21 வாட்ஸ் பல்ப் ஒன்றே முக்கால் அம்பியர் கேட்கும், வயரில் பலம் இல்லாவிட்டால் எரியாது. வீட்டுக் கரண்ட் பார்க்கும் ஸ்குரூ ட்ரைவர் டெஸ்டர் 12 வோல்ட்டில் எதையும் காட்டாது, அதை வீட்டிலேயே வையுங்கள்.

படி 1: எந்த முனை எர்த்?

எர்த் என்றால் கரண்ட் காரின் பொடி (உலோக உடம்பு) வழியே பற்றரிக்குத் திரும்பும் பாதை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பெரும்பாலும் பொசிட்டிவ் எர்த். பற்றரியின் பிளஸ் முனைதான் பொடியோடு கட்டப்பட்டிருக்கும். 1960களின் கடைசியில்தான் நெகட்டிவ் எர்த்துக்கு மாறினார்கள். இடையில் யாராவது மாற்றிக் கட்டியும் இருக்கலாம், அதனால் புத்தகத்தைப் பார்க்காமல் பொனட்டைத் திறந்து பற்றரியைப் பாருங்கள். பொசிட்டிவ் எர்த் என்றால் மீட்டரின் சிவப்பு வயரைப் பொடியில் வையுங்கள். மாறி வைத்தால் இலக்கத்துக்கு முன் மைனஸ் வரும், வேறொன்றும் இல்லை.

வயரைக் கழற்றும் வேலை எதுவானாலும் முதலில் பற்றரியின் எர்த் முனையைக் கழற்றுங்கள்.

படி 2: பல்ப், பியூஸ்

பல்பைக் கழற்றிப் பார்ப்பது உங்களுக்கே தெரியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சிக்னலுக்கு 21 வாட்ஸ் ஒற்றை இழை, பிரேக் லைட்டும் பார்க் லைட்டும் சேர்ந்ததற்கு 21/5 இரட்டை இழை. இரட்டை இழைப் பல்பின் இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. அதை வலுக்கட்டாயமாக மாற்றித் திருகியிருந்தால் ஹோல்டர் பழுதாகியிருக்கும்.

பியூஸ் பெட்டியில் ஏ3, ஏ4 என்று எழுதியிருக்கும் பியூஸ்தான் சிக்னலுக்கும் பிரேக் லைட்டுக்கும் உரியது. கண்ணாடிக் குழாயைக் கழற்றி இரண்டு நுனியையும் பிடிக்கும் தகட்டையும் மினுக்குங்கள். பழைய லூக்காஸ் கம்பெனிப் பியூஸில் 35 என்று இருக்கும். அது எரிந்து போகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 அம்பியர்தான். இந்தக் காலத்துப் பியூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. ஆகவே 35 என்று கேட்டுப் புதிது வாங்கிப் போட்டால் பியூஸுக்கு முன் வயர் எரியும். 15 போடுங்கள். சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றும் பழக்கம் எங்கள் ஊரில் இன்னும் உண்டு. ஐம்பது, அறுபது வருட வயருக்கு அது நேரே தீ வைப்பது போல, தயவுசெய்து செய்யாதீர்கள்.

படி 3: வயரின் நிறம்

பச்சை என்றால் பியூஸைத் தாண்டி வரும் கரண்ட். பச்சையில் சிவப்புக் கோடு இடப்பக்க சிக்னல், பச்சையில் வெள்ளைக் கோடு வலப்பக்கம். இளம்பச்சையில் மண்ணிறக் கோடு பிளாஷரிலிருந்து சுவிட்சுக்குப் போவது. கறுப்பு எர்த். வெயிலிலும் தூசியிலும் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். வயர்களை ஒன்றோடொன்று செருகும் புல்லட் கனெக்டரின் கறுப்பு ரப்பர் உறையை மெதுவாகப் பின்னால் தள்ளிப் பாருங்கள். நான் தள்ளியபோது ஒரு விரல் அகலத்துக்கு அந்தப் பச்சையும் சிவப்புக் கோடும் நேற்றுப் பூசியதைப் போல இருந்தன. வயர் உள்ளே நுழையும் பித்தளை நுனியில் மட்டும் பச்சைக் களிம்பு, உப்புத்தூளோடு உறைந்து கிடந்தது. டூத் பிரஷால் தேய்த்து, மஞ்சள் பித்தளை தெரியும் வரை மினுக்கி, வாசலின் தடவித் திரும்பச் செருகினேன்.

படி 4: எர்த்

நான் மூன்று வாரம் அலைந்தது இங்கேதான்.

பின் விளக்கின் உலோக உடம்பு மட்காட்டில் போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிடிப்புத்தான் எர்த். நான் மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஒரு வயரை விளக்கின் உடம்பிலும் மற்றதைக் காரின் பொடியிலும் வைத்தேன். பீப் அடித்தது. எர்த் நல்லது என்று முடிவு கட்டிவிட்டேன். பிளாஷர் வாங்கப் போனது அதனால்தான்.

ஆரையம்பதிப் பக்கம் ஒரு வயரிங் பாஸ் இருக்கிறார். அவரிடம் சொன்னபோது, "பல்ப் ஹோல்டருக்குள்ள இருந்ததா தம்பி?" என்று மட்டும் கேட்டார். இருந்தது. "அப்ப பீப்பை நம்பாதேங்க. பல்ப் எரியக்குள்ள அளந்து பாருங்க" என்றார்.

விஷயம் இதுதான். சூடாகாத 21 வாட்ஸ் பல்பின் இழைக்கு ஒரு ஓம் கூட இல்லை. இடப்பக்க விளக்கின் எர்த் முழுவதும் அறுந்திருந்தாலும், மீட்டரின் கரண்ட் இடப்பக்கப் பிரேக் இழைக்குள் புகுந்து, பிரேக் வயர் வழியே வலப்பக்கப் பிரேக் இழைக்குப் போய், அங்குள்ள நல்ல எர்த்தில் இறங்கிவிடும். மீட்டருக்கு அது பாதையாகத் தெரியும், பீப் அடிக்கும். சிக்னல் கரண்ட்டும் அதே சுற்றுவழியில்தான் போனது. வலப்பக்கப் பிரேக் லைட் மங்கலாகச் சிவந்தது அதனால்தான். மூன்று இழைகள் வரிசையாக நின்று 12 வோல்ட்டைப் பங்கு போட்டால் எதுவும் ஒழுங்காக எரியாது. பழைய வெப்பப் பிளாஷர் இரண்டு 21 வாட்ஸ் பல்பின் கரண்ட்டில்தான் சூடேறி மின்னும், கரண்ட் குறைந்தால் மின்னாமல் நின்றுவிடும். முன் விளக்கு நின்று எரிந்த காரணமும் கிடைத்துவிட்டது.

சரி, எப்படி அளப்பது? சிக்னல் மின்னினால் மீட்டர் இலக்கம் நிற்காமல் ஓடும். அதனால் பிளாஷரின் பி, எல் என்ற இரண்டு முனைகளிலிருந்தும் வயரைக் கழற்றி, இரண்டையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். பற்றரியைத் திரும்ப மாட்டி, சாவியைத் திருப்பிச் சிக்னலைப் போட்டால் இப்போது பல்ப் நின்று எரியும். பற்றரியின் எர்த் முனையில் அந்த 5 மீட்டர் வயரின் ஒரு நுனியைக் கட்டி, மறுநுனியை மீட்டரோடு இணைத்துக் காரின் பின்பக்கம் கொண்டுபோங்கள். மீட்டரின் மற்ற வயரை விளக்கின் உடம்பில் வையுங்கள். மீட்டர் டிசி வோல்ட்டில் இருக்க வேண்டும்.

வலப்பக்கத்தில் எனக்கு 0.1 காட்டியது. இடப்பக்கத்தில் 6.4. பற்றரி கொடுப்பதில் பாதியை எர்த்தே தின்றுகொண்டிருந்தது. 0.2, 0.3க்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் வேலை இருக்கிறது.

போல்ட்டைக் கழற்றினேன். மட்காட்டுக்கும் விளக்குக்கும் நடுவே யாரோ பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அதன் அடியில் கறள், வாஷர் விரலில் பிடிக்க உதிர்ந்தது. போல்ட் ஓட்டையைச் சுற்றி ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு வெள்ளை இரும்பு தெரியும் வரை சுரண்டி, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். அதோடு நிற்காமல் விளக்கின் உடம்பிலிருந்து டிக்கிக்குள் ஒரு நல்ல போல்ட்டுக்குத் தனியாகக் கறுப்பு வயர் ஒன்றும் இழுத்தேன். கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1 சதுர மில்லிமீட்டர் பல இழை வயர் போதும். வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பி வேண்டாம், கார் அதிர அதிர உள்ளே முறிந்துவிடும்.

திரும்ப அளந்தேன், 0.1. பிளாஷர் வயரை மாட்டிச் சிக்னலைப் போட்டேன். டிக், டிக் என்று ஒழுங்காக அடித்தது. கழற்றி எறியாமல் வைத்திருந்த பழைய பிளாஷரையே திரும்பப் போட்டுப் பார்த்தேன், அதுவும் அடித்தது. அதுதான் இன்றைக்கும் காரில் இருக்கிறது.

படி 5: இன்னும் எரியாவிட்டால்

எர்த் சரியாக இருந்தும் பல்ப் மங்கல் என்றால் கரண்ட் வரும் வழியை அதே முறையில் அளந்து பாருங்கள். பியூஸ் பெட்டியின் ஏ4 முனைக்கும் ஹோல்டரின் நடு முனைக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் ஒவ்வொரு கனெக்டராகத் தேடுங்கள், அப்புறம் ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்ச். சுவிட்சைக் கடைசியாகத் திறவுங்கள், உள்ளே சின்ன ஸ்பிரிங்குகள் இருக்கின்றன, பறந்தால் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: எர்த் எல்லாம் சரி, எல்ஈடி பல்ப் போட்டேன், எரியவே இல்லை. அவருடைய கார் பொசிட்டிவ் எர்த். சாதாரணப் பல்புக்குக் கரண்ட் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான். எல்ஈடிக்கு அப்படியில்லை, நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தது இதில் எரியாது. பொசிட்டிவ் எர்த்துக்கென்றே செய்தது கிடைத்தாலும், அது இழுக்கும் கரண்ட் குறைவு என்பதால் வெப்பப் பிளாஷர் மின்னாது. எர்த் வயர் கேட்கும் மூன்று முனை இலெக்ட்ரோனிக் பிளாஷருக்கும் அதே கதைதான்: நெகட்டிவ் எர்த்துக்குச் செய்ததைப் பொசிட்டிவ் எர்த் காரில் மாட்டாதீர்கள். என்னைக் கேட்டால் இந்தக் கார்களுக்கு 21 வாட்ஸ் பல்பும் பழைய பிளாஷருமே பொருத்தம்.

இன்னொருவருக்கு மழை பெய்தால் மட்டும் கோளாறு வந்தது. விளக்குக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்துத் தண்ணீர் ஹோல்டருக்குள் நின்றிருக்கிறது. கார்த்திகை மழைக்கு முன் அந்த ரப்பரை விரலால் அமுக்கிப் பாருங்கள். கல்லுப் போல இருந்தால் மாற்றுங்கள்.