அந்தமானில் செலவு குறைந்த, அமைதியான தீவைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

அந்தமானுக்கு முதன்முறையாகப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் விமானச் சீட்டை முதலில் எடுக்கிறார்கள், பிறகு படங்களைப் பார்த்து விடுதியைப் பதிவு செய்கிறார்கள், எந்தத் தீவுக்கு எந்தக் கப்பலில் போவது என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். இந்த வரிசையை மாற்றி, கப்பலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் பரிந்துரை. ஒரு தீவுக்கு நாளொன்றுக்கு எத்தனை கப்பல்கள் போகின்றன, கடைசிக் கப்பல் எப்போது திரும்புகிறது என்ற இரண்டு செய்திகளைத் தெரிந்துகொண்டாலே, அங்கே எவ்வளவு கூட்டம் இருக்கும், எவ்வளவு செலவாகும் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

அந்தமான் நிக்கோபார் கூட்டத்தில் சிறிதும் பெரிதுமாக 800க்கும் மேற்பட்ட தீவுகள் இருந்தாலும், மக்கள் வாழ்பவை நாற்பதுக்கும் குறைவு. நிக்கோபார் பகுதிக்குச் சிறப்பு அனுமதி தேவை என்பதால், சாதாரணப் பயணி தங்கக்கூடிய தீவுகள் இன்னும் சில மட்டுமே. பெயர் மாற்றங்களையும் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஹேவ்லாக் தீவு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் துவீப் என்றும், நீல் தீவு ஷஹீத் துவீப் என்றும் பெயர் மாற்றப்பட்டன. தலைநகரான போர்ட் பிளேர் 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பேச்சில் பழைய பெயர்களே இன்னும் வழங்குகின்றன, சீட்டிலோ புதிய பெயர்கள் இருக்கலாம். இந்தக் கட்டுரையில் தீவுகளுக்குப் பேச்சு வழக்கையும், தலைநகருக்குப் புதிய பெயரையும் பின்பற்றுகிறேன்.

படி 1: மாதத்தை முடிவு செய்தல்

தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடுவது இந்தத் தீவுகளைத்தான். மே மாதத்தின் மூன்றாவது வாரத்தை ஒட்டியே அது அங்கே வந்துவிடும். அதிலிருந்து செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும், கப்பல்கள் அவ்வப்போது ரத்தாகும். அக்டோபர், நவம்பரில் வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் வேறு. எனவே கடற்கரைக்கென்றே செல்பவர்கள் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான காலத்துக்குள் நாட்களைத் தேடுவது நல்லது.

அந்தக் காலத்திலும் எல்லா வாரங்களும் ஒன்றல்ல. கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் விமானக் கட்டணமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். பள்ளிக் கோடை விடுமுறை தொடங்கியதும் குடும்பங்கள் வரத் தொடங்கும். துர்கா பூஜை விடுமுறை டிசம்பருக்கு முன்பே வந்தாலும், அப்போது கொல்கத்தாவிலிருந்து பெருங்கூட்டம் வருவதை நம் பக்கத்தில் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு, பொங்கல், குடியரசு நாள் விடுமுறைகள் கழிந்த பிறகு, பிப்ரவரி தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரையிலான வாரங்களே எல்லா வகையிலும் ஏற்றவை. கடல் தெளிந்திருக்கும், அறைகள் கிடைக்கும், வெயிலும் இன்னும் கடுமையாகியிருக்காது.

படி 2: கப்பல் போக்குவரத்தைப் பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுத்தல்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து கிளம்பும் தடங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பின்வரும் தீவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஹேவ்லாக்குக்குத் தனியார் விரைவுக் கப்பல்களும் அரசுக் கப்பல்களும் நாள்தோறும் பல முறை செல்கின்றன; விரைவுக் கப்பலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். தூய்மையான கடற்கரைகளுக்கு உலக அளவில் தரப்படும் நீலக்கொடிச் சான்றை 2020இல் பெற்ற ராதாநகர் கடற்கரை இங்கேதான் இருக்கிறது. அந்தக் கடற்கரை உண்மையிலேயே அழகானது, ஆனால் அந்தமானுக்கு வருகிற ஏறத்தாழ எல்லோருமே அதைப் பார்க்க வருகிறார்கள். விடுதிகளில் பெரும்பாலானவை கிழக்குக் கரையில் இருக்க, ராதாநகர் மேற்குக் கரையில் இருப்பதால், போக்குவரத்துச் செலவும் சேர்ந்துகொள்கிறது. அமைதியைத் தேடுபவருக்கு இதை நான் முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

நீல் தீவு அதைவிடச் சிறியது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளிக் குடும்பங்கள் 1960களில் குடியமர்த்தப்பட்ட ஊர் இது. அந்தமானின் காய்கறிக் கூடை என்று பெயர் பெற்றது. படகுத்துறையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் பரத்பூர், லட்சுமண்பூர், ராம்நகர், சீதாபூர் ஆகிய கடற்கரைகள் அனைத்தும் அடங்கிவிடுவதால், வாடகை சைக்கிளிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். தொகுப்புச் சுற்றுலாவில் வருபவர்களில் பலர் காலைக் கப்பலில் இறங்கி, பரத்பூரில் அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏறி, மதிய உணவை முடித்துக்கொண்டு பிற்பகல் கப்பலில் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கடைசிக் கப்பல் கிளம்பிய பிறகு தீவு அப்படியே மாறிவிடுகிறது. படகுத்துறைச் சாலையில் ஆட்டோக்கள் ஓய்ந்துவிடும், கடைத்தெருவில் உள்ளூர்க்காரர்கள் தோட்டத்தில் பறித்த கீரையையும் பப்பாளியையும் பரப்பி வைத்து விற்பார்கள், லட்சுமண்பூர் மணலில் சூரியன் மறைவதைப் பார்க்கச் சிலரே நிற்பார்கள். நீல் கூட்டமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் பகலில் வந்து போனவர்களாகவே இருப்பார்கள். அங்கே மூன்று இரவாவது தங்குபவருக்குக் கிடைப்பது வேறொரு ஊர். முதன்முறை செல்வோருக்கு நான் சொல்வது இந்தத் தீவைத்தான்.

இன்னும் தனிமை வேண்டுமென்றால் லாங் தீவு இருக்கிறது. கப்பல்கள் குறைவு, தங்குமிடங்களும் மிகச் சில. அதன் பெயர்பெற்ற லாலாஜி விரிகுடாவுக்குக் காட்டுப் பாதையில் நடந்தோ, டுங்கி என்று அங்கே சொல்லப்படும் சிறு படகிலோதான் போக வேண்டும். தெற்கே உள்ள லிட்டில் அந்தமானுக்குக் கப்பலில் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகலாம். பட்லர் விரிகுடாவின் நீண்ட கடற்கரை அலைச் சறுக்குக்குப் பெயர் போனது. தீவின் பெரும்பகுதி ஓங்கே பழங்குடியினரின் காப்பகம் என்பதால், ஹட் பே துறைமுகம் அமைந்த கிழக்குக் கரையோடு பயணி நின்றுவிட வேண்டும். இந்த இரண்டுமே மலிவானவை, ஆனால் ஒரு கப்பல் தவறினால் அடுத்ததற்கு நாட்கணக்கில் காத்திருக்க நேரலாம். பத்து நாளுக்குக் குறைவாக விடுப்பு உள்ளவர் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

வடக்கே டிக்லிபூருக்கு அருகில், கடல் வற்றும்போது மணல் திட்டால் இணையும் ராஸ், ஸ்மித் இரட்டைத் தீவுகளும் பலருடைய பட்டியலில் இருக்கும். தரைவழியாகச் சென்றால் ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தின் ஊடாகப் போகும் நெடுஞ்சாலையில், காவல் துணையுடன் அணிவகுக்கும் வண்டிகளில்தான் செல்ல முடியும். அந்தப் பாதையில் வண்டியை நிறுத்துவதும், படம் எடுப்பதும், உணவுப் பொருள் கொடுப்பதும் சட்டப்படி குற்றம். அந்த மக்களின் நிலத்தை நம் விடுமுறைக்கான வழியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கடல்வழிக் கப்பல் கிடைக்கும் நாட்களில் மட்டும் டிக்லிபூரை யோசியுங்கள்.

படி 3: ஓத அட்டவணையோடு கடற்கரையைப் பொருத்திப் பார்த்தல்

நம் சென்னைக் கடற்கரையில் ஓதம் (கடல்நீர் நாள்தோறும் உயர்ந்து தாழ்வது) ஏறுவதும் வற்றுவதும் பெரிதாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தமானிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்ட வேறுபாடு சுமார் 2 மீட்டர் வரை இருக்கும். கரையோரம் ஆழமற்ற பவளத்திட்டாக இருப்பதால், காலையில் அறை வாசலைத் தொட்டுக்கொண்டிருந்த கடல் மதியம் வெகுதூரம் உள்வாங்கிப் போய், பாறையும் சேறுமாகத் தெரியும். விடுதி விளம்பரத்தில் இருப்பது எப்போதும் கடல் நிறைந்திருக்கும் வேளையில் எடுத்த படம்தான். வற்றிய வேளையில் வந்து பார்த்து ஏமாந்துபோகிறவர்கள் ஏராளம்.

ஸ்ரீ விஜயபுரத்துக்கான ஓத அட்டவணை இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. நீங்கள் தங்கப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் ஏற்றம் எப்போது, வற்றல் எப்போது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நீலில் தங்குவதாக இருந்தால், காலையில் ஓதம் ஏறியிருக்கும் நாட்களில், முதல் கப்பல் வருவதற்கு முன்பே பரத்பூருக்குச் சென்று நீந்தலாம். சீதாபூர் கிழக்கு நோக்கியது, அலை சற்று வேகமாக இருக்கும். சூரிய உதயத்துக்கு ஏற்றது, குழந்தைகளோடு நீந்த ஏற்றதல்ல.

வற்றல் வேளைக்கும் ஒரு பயன் உண்டு. லட்சுமண்பூரின் இரண்டாவது கடற்கரையில், ஊர்க்காரர்கள் ஹவுரா பாலம் என்று சொல்லும் இயற்கைப் பாறை வளைவு இருக்கிறது. கடல் வற்றிய நேரத்தில் மட்டுமே அதன் அடியில் வரை நடந்து போக முடியும். போகிற வழியெங்கும் பாறைக் குழிகளில் நீர் தேங்கி, அதில் கறுத்த கடல் அட்டைகளும், விரல் நீள மீன்களும், ஓட்டைச் சுமந்து நகரும் துறவி நண்டுகளும் தெரியும். அடி வழுக்காத ரப்பர் செருப்பு அணிந்து, உயிருள்ள பவளத்தின் மேல் கால் வைக்காமல், வெறும் பாறையாகப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும். ஓதம் திரும்பி ஏறத் தொடங்கும் நேரத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதற்கு முன்பே கரைக்கு வந்துவிடுங்கள்.

நேரத்தைத் திட்டமிடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். நம் கடிகார நேரமே அங்கேயும் செல்லும் என்றாலும் தீவுகள் வெகுதூரம் கிழக்கே இருப்பதால், டிசம்பரில் மாலை 5 மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். ஆறு மணிக்குக் கடற்கரைக்குக் கிளம்பினால் இருட்டில்தான் நிற்பீர்கள். சதுப்புநில ஓடைகளில் உப்புநீர் முதலைகள் வாழ்வதால், எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் நீரில் இறங்கவே கூடாது.

படி 4: கப்பல் சீட்டு

தனியார் கப்பல்களில் மக்ரூஸ், நாட்டிக்கா, கிரீன் ஓஷன் போன்றவை பரவலாக அறியப்பட்டவை. இவற்றில் இணையத்திலேயே முன்பதிவு செய்யலாம். அரசுக் கப்பல்கள் வேகம் குறைந்தவை, ஆனால் கட்டணம் வெகுவாகக் குறைவு, மேல்தளத்தில் காற்றோட்டமாக நின்று கடலைப் பார்த்துக்கொண்டே போகவும் பெரும்பாலும் முடியும். தீவு மக்களின் அன்றாடப் போக்குவரத்து அதுதான் என்பதால் அவர்களுக்கே முன்னுரிமை. சீட்டு கிடைத்தே தீரும் என்று நம்பிவிடாதீர்கள். போகும்போது அரசுக் கப்பலுக்கு முயன்றுவிட்டு, திரும்பி வருவதற்குத் தனியார் கப்பலில் முன்பதிவு செய்வது புதியவருக்குப் பாதுகாப்பான ஏற்பாடு. கப்பல் ஏறும்போது அசல் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்குப் பயணிகள் கப்பலும் உண்டு. ஏறக்குறைய மூன்று நாள் ஆகும், மாதத்தில் சில முறையே கிளம்பும். குறைந்த விடுப்பில் போகிறவர்கள் இரண்டேகால் மணி நேர விமானத்தையே எடுக்க வேண்டியிருக்கும்.

படி 5: விடுதியைத் தொலைபேசியில் விசாரித்தல்

இணையத்தில் பணம் கட்டுவதற்கு முன்பு விடுதிக்காரரிடமே பேசிவிடுங்கள். அறையிலிருந்து நீந்தத் தகுந்த கடல் எவ்வளவு தூரம், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடுமா, கொசுவலை உண்டா, இரவு உணவு விடுதியிலேயே கிடைக்குமா, படகுத்துறைக்கு வந்து அழைத்துச் செல்வார்களா என்று கேளுங்கள். மணல் ஈக்களைப் பற்றியும் தயங்காமல் கேளுங்கள். சில கடற்கரைகளில் அந்திவேளையில் அவற்றின் கடி பல நாள் அரிக்கும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது ஓரளவு காக்கும். தலைநகரில் தமிழர் கணிசமாக வாழ்வதால் தமிழிலேயே காரியம் நடத்தலாம். நீலில் வங்காளமும் இந்தியும் வழங்குகின்றன.

கடலை ஒட்டிய குடிலுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. இருநூறு மீட்டர் உள்ளே, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் குடும்ப விடுதிகளே வாடகையிலும் குறைவு, அமைதியிலும் மேல். சென்னையிலிருந்து வரும் கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பிறகு தீவுகளில் இணையத் தொடர்பு முன்னைவிட மேம்பட்டிருக்கிறது, ஆனால் சிறிய தீவுகளில் அதை நம்பிப் பணப் பரிமாற்றத்தை விட்டுவைக்க வேண்டாம். தலைநகரிலேயே தேவையான ரொக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: செலவைக் கூட்டிப் பார்த்தல்

மொத்தச் செலவை இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். இருவர் செல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரே தீவில் ஐந்து இரவு தங்கினால் போகவர நான்கு கப்பல் சீட்டுகள். அதே ஐந்து இரவை ஹேவ்லாக், நீல் என இரண்டாகப் பிரித்தால் ஆறு சீட்டுகள், அதோடு ஒவ்வொரு துறையிலும் ஆட்டோக் கட்டணம், பெட்டி கட்டி அவிழ்க்கும் நேரம், காத்திருக்கும்போது வெளியே சாப்பிடும் செலவு. தனியார் கப்பலில் ஒரு சீட்டே ஆயிரம் ரூபாயைத் தாண்டும் என்பதால், தீவுகளைக் குறைப்பதுதான் சிக்கனத்துக்கு மிக எளிய வழி. உணவைப் பொறுத்தவரை, கடைத்தெருவில் கிடைக்கும் மீன் தாலி வயிறு நிறைக்கும். பெரிய இறாலையும் சிங்கி இறாலையும் விலை கேட்காமல் சொல்லிவிடாதீர்கள்.

படி 7: கடைசி இரவைத் தலைநகரில் வைத்தல்

விமானம் கிளம்பும் நாளன்று காலைக் கப்பலில் தீவிலிருந்து வந்து சேர்ந்துவிடலாம் என்று எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். காற்று வலுத்தால் துறைமுகத் துறை எந்த அறிவிப்புமின்றிக்கூடக் கப்பலை நிறுத்த வேண்டியிருக்கும். கப்பல் கட்டணம் திரும்பக் கிடைத்தாலும் விமானக் கட்டணம் கிடைக்காது. முந்தைய நாளே வந்து, செல்லுலார் சிறைக்கு மாலையில் போய்விட்டு, இரவைத் தலைநகரில் கழியுங்கள். பெட்டியை அடுக்கும்போது சிப்பி, சங்கு, பவளத் துண்டு எதுவும் உள்ளே இல்லை என்று பிள்ளைகளின் பைகள் உட்பட எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. விமான நிலையச் சோதனையில் அது தென்பட்டால் பறிமுதலோடு வழக்கும் வரக்கூடும்.